நிறுத்தக் கூடாத குரல்

எனக்கு லினக்ஸ் பைத்தியம். தென்காசிக்காரர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் லினக்ஸ் குழுவில் யாராவது எளிய கேள்வி கேட்டால், "மொதல்ல மேனுவலப் படிங்க" என்று விரட்டுகிறவன் நான்தான்.

அன்று மதியம் என் அண்ணி, எங்கள் பக்கம் மைனி என்போம், என் லேப்டாப்பில் இயர்போன் மாட்டி, இறந்துபோன அண்ணன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். லாரி ஓட்டிய அண்ணன் கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அது. மைனியின் போன் கெட்டுப்போனதால் வேறு காப்பி கிடையாது. பக்கத்தில் இருந்த நான் இடம் காலி பண்ணுகிறேன் என்று அதே லேப்டாப்பில், டெர்மினலில் கட்டளை அடித்துப் பழைய ஃபைல்களை அழித்தேன். அண்ணன் குரல் இருந்த ஃபோல்டரும் சேர்ந்து போய்விட்டது. டெர்மினலில் அழித்தால் குப்பைத் தொட்டியிலும் கிடைக்காது.

போனை எடுத்துக் குழுவில் கெஞ்சினேன். போன வாரம் நான் விரட்டிய ஒருவர்தான் பதில் போட்டார்: "பிளேயர் இன்னும் ஓடுதா? மூடிராதீய. ஃபைலோட பேருதான் போயிருக்கு. பிளேயர் ஓடுத வரைக்கும் உள்ள இருக்கும், எடுத்துரலாம்."

"போதும் தம்பி" என்று மைனி பிளேயரை மூடக் கை நீட்டினார்.

"நிறுத்திராதீய மைனி!" என்று கத்தினேன்.

குழுக்காரர் சொல்லச் சொல்லக் கட்டளைகளை அடித்தேன். காப்பி வந்ததும் அழுதுவிட்டேன்.

"ஒங்களுக்கும் கேக்கணும் போல இருந்துச்சா தம்பி?" என்று மைனி ஒரு பக்க இயர்போனைக் கழற்றிக் கொடுத்தார்.

அண்ணன் குரல் கேட்டது: "ஏட்டி, புளியறை செக்போஸ்ட் தாண்டிட்டேன். சோத்த எடுத்து வையி."

குழுக்காரரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மைனியிடம் மட்டும் இன்றுவரை வாய் வரவில்லை.