நெல் மூட்டைகளுக்கு நடுவே பியானோ

தொலைக்காட்சியில் தேசியப் பியானோப் போட்டி. பரிசு வென்ற பெண் வாத்தியக் குழுவோடு வாசிக்கிறாள். ஆளில்லாத என் வீட்டில் அந்த ஒலி அறை அறையாக அலைகிறது. எனக்கோ புதுநெல் மணக்கிறது.

பூதலூரில் எங்கள் கூடத்தில், ஏலத்தில் எடுத்த பழைய பியானோ இருந்தது. தெருவெல்லாம் கட்சிக்கொடி பறந்த அந்த வருஷம் குத்தகைத் தகராறு வந்தது. வழக்கு முடியும்வரை நெல்லை விற்கக் கூடாதென்று உத்தரவு. அப்பா மூட்டைகளைப் பியானோவைச் சுற்றி உத்தரம்வரை அடுக்கிவிட்டார்.

"சத்தமே எழும்பலப்பா. டெல்லிப் போட்டிக்கு எப்படிப் பழகுறது?" என்றாள் அக்கா.

"மூட்டையத் தெருவுலயா போடுறது? ஓங்கி அடிம்மா."

ஓங்கி அடித்தாள். மூட்டைமேல் உட்கார்ந்து, மற்ற வாத்தியங்களை நான் வாயாலேயே பாடினேன். டெல்லியில் அந்த ஓங்கிய கைக்குத்தான் முதல் பரிசு.

அவள் கோப்பையோடு திரும்பியபோது வழக்கில் தோற்றிருந்தோம், மூட்டைகள் போயிருந்தன. வெறுங்கூடத்தில் பியானோவின் ஒரு கட்டையைத் தொட்டாள். வீடே அதிர்ந்தது.

"வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்குடீ," என்று மூடியவள், பிறகு திறக்கவேயில்லை.

எழுந்து, தொலைக்காட்சி ஓடும் அறையின் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறேன். கதவுக்கு அப்பால், அமுங்கிய ஒலியில், அக்கா வாசிக்கிறாள்.