பாறைக்கடியில் நிலப்பனை

அடையாறு நர்சரி ஒன்றில் துளசிச் செடி வாங்கப் போயிருந்தேன். மழை விட்டிருந்த நேரம். ஈர மண் வாசனை மூக்கில் ஏற, மாமர நிழலில் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. ஆசையோடு குனிந்தால், சாக்லேட் காகிதம். கடைப் பையன் சிரித்தான்.

நிலப்பனைப் பூ என்று நினைத்துவிட்டேன். பெயர்தான் பனை, உயரம் ஒரு சாண் தேறாது. மழைக்குப் பிறகு தரையோடு தரையாக, ஆறு இதழில் மஞ்சள் பூ விடும். நல்ல நிழல் வேண்டும் அதற்கு.

என்னோடு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த ஸ்டெல்லாவுக்குச் சின்னமலையில் வீடு. கொல்லையில் கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் அடியில் அது பூக்கும். அவள் அப்பா அதைக் களை என்பார்.

ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கச் சாந்தோமிலிருந்து லாரன்ஸ் வந்த அன்று நானும் இருந்தேன். பஜ்ஜி சுட ஒத்தாசை என்று பெயர், தின்றதுதான் அதிகம். கை கழுவப் பின்பக்கம் போன மாப்பிள்ளை திரும்பவே இல்லை. தேடிப் போனால், வெள்ளை பேன்ட் முழுக்கச் சேறாக, பாறைக்கடியில் குந்தியிருந்தார். பூவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர்கள் கிளம்பியதும் ஸ்டெல்லாவின் அப்பா, ஆள் ஒரு மாதிரி, இந்த இடம் வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியறியாத ஸ்டெல்லா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனுக்கு அவருதான் நைனா. வந்தவங்க எல்லாரும் வீட்டத்தான் சுத்திப் பாத்தாங்க. இவரு ஒருத்தருதான் அந்த பூவ குனிஞ்சி பாத்தாரு."

கொஞ்ச நாள் அப்பா அவளோடு பேசவில்லை. அப்புறம் கல்யாணம் நடந்தது. லாரன்ஸ் அந்த வீட்டோடு மாப்பிள்ளையானார். மழை விட்ட காலைகளில் மாமனாரும் மருமகனும் பாறைக்கடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு பூ வந்துவிட்டதா என்று பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு பங்கு பிரிந்து, அங்கே அடுக்குமாடி எழும்பியது. பாறையை உடைக்கும் முன் லாரன்ஸ் கிழங்குகளைத் தோண்டியெடுத்துத் தொட்டிகளில் வைத்தார். கட்டி முடியும்வரை இருந்த கொட்டிவாக்கத்து வாடகை வீட்டு மாடியில், நிழலுக்கு ஸ்டெல்லாவின் பழைய புடவையைக் கட்டினார். உப்புக் காற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

போன மாதம் அவர்களைப் பார்க்கச் சின்னமலைக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி. பேச்சின் நடுவே மழை பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லா ஜன்னல்களைச் சாத்தினாள். லாரன்ஸ் எழுந்து பால்கனிக்குப் போய், கீழே வண்டிகள் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நனைகிறாரே என்று நானும் பின்னால் போனேன்.

"அந்த செவப்பு காரு நிக்கிது பாரும்மா," என்றார். "அந்த எடந்தான்."