செர்ரிப்பூப் பாட்டுக்கு வாய் திறக்காத பிள்ளை

பாலர் பள்ளியில வேலை எண்டால் பூவும் பாட்டும் கைதட்டலும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு முதல்ல ஒரு பெரிய கும்பிடு. இது மூக்குச்சளியும் ஈரக் காலுறையும் ஒற்றைச் சப்பாத்துத் தேடுறதும் கலந்த வேலை. டென்மார்க்கில கோல்டிங் எண்ட ஊரில நான் உதவியாளரா நிக்கிற இடத்தை டெனிஷில ‘பேர்னஹேவ’ எண்டுவினம், பிள்ளையளின்ர தோட்டமாம். தோட்டமாவது! வருசத்தில முக்கால்வாசியும் அங்க சேறுதான். இதே வேலையில மாட்டுப்பட்டு முதுகு நோவோட வீட்ட போற சகோதர சகோதரியளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போன வசந்தத்தில ஒரு ஜப்பான் பாட்டோட நான் அந்தரிச்ச கதையை மட்டும் கேளுங்கோ.

பொறுப்பு வந்த விதம்

எங்கட பிள்ளையளில மியா எண்டு ஒரு நாலு வயசுக்காரி. தகப்பன் டெனிஷ், தாய் யூக்கோ ஜப்பான்காரி. ஒருநாள் காலமை பிள்ளையை விட வந்த யூக்கோ, வேலைக்குப் போகாமல் உடுப்பு மாத்திற அறையில கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டா. ஜப்பானில அவவின்ர அப்பா ஆஸ்பத்திரியில. இனித் தேறமாட்டார் எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினமாம். அவருக்கு டெனிஷ் தெரியாது, மியாவின்ர வாயில ஜப்பான் மொழி வராது. வீடியோவில ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக் கையாட்டுறதோட சரி. அங்க வசந்தகாலத்தில சின்னப் பிள்ளையள் செர்ரி மரத்துக்குக் கீழ பாடுற ஒரு பாட்டை மியா பாடி, அதை அந்த மனுசன் ஒருக்காக் கேட்டுட்டால் போதுமாம். வீட்டில கேட்டால் மாட்டன் எண்டு நிக்கிறாளாம். மற்றப் பிள்ளையளோட சேத்துப் பழக்கினால் பாடுவாளோ எண்டு கேட்டா.

எங்கட பொறுப்பாளர் பியர்கிட் நல்ல மனுசி, உடன ஓம் எண்டுட்டா. ஆர் பழக்கிறது எண்டதில எல்லாரும் என்னைத்தான் பாத்தினம். யாழ்ப்பாணத்துக்கும் ஜப்பானுக்கும் இடையில எவ்வளவு கடல் கிடக்கு எண்டு சொல்ல நான் வாயெடுக்க, பியர்கிட் தோளில தட்டினா. “நீயும் அந்தப் பக்கம்தானே, ராஜி!”

ஒஸ்காரின்ர தொண்டை

யூக்கோ பாடித் தந்ததைத் தொலைபேசியில போட்டு, பஸ்ஸில போகேக்கையும் வரேக்கையும் கேட்டு உருப்போட்டன். சோகமான மெட்டு. பூப் பூக்கிறதைப் பாடுகினமோ கொட்டுறதைப் பாடுகினமோ எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனால் பிள்ளையள் இருக்குதுகளே, பொல்லாத சாமானுகள்! வட்டமா இருத்திவைச்சு நான் தட்டுத்தடுமாறிப் பாட, அதுகள் கெதியாப் பிடிச்சிட்டுதுகள். அதிலயும் ஒஸ்கார் எண்டு ஒரு குண்டன், தகப்பன் தண்ணிக்குழாய் வேலை செய்யிறவர். அவன் வாயைத் திறந்தால் யன்னல் அதிரும்.

மியா மட்டும் சட்டைக் கையைக் கடிச்சுக்கொண்டு மூலையில இருந்தாள். சரி, பிள்ளைக்குப் பாட்டு ஏறேல்லையாக்கும் எண்டு நினைச்சன். ஒருநாள் நான் பாடி முடிக்க, அவள் ஒஸ்காரின்ர காதுக்க ஏதோ குசுகுசுத்தாள். இஞ்ச நாலு வயசுக் குஞ்சுகளும் எங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும், அன்ரியும் இல்லை, ரீச்சரும் இல்லை. அவன் எழும்பி நிண்டு சபைக்கு அறிவிச்சான். “ராஜி, நீ ரெண்டாவது வரியைப் பிழையாப் பாடுறியாம், மியா சொல்லுறாள்!”

எங்கட ஊர் முறை

அப்ப இவளுக்குப் பாட்டு முழுக்கத் தெரியும்! எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். எங்கட கலைவிழாவளில நாங்கள் என்ன செய்யிறம்? வெக்கப்படுற பிள்ளையை மேடைக்குத் தள்ளிவிடுறம். கீழ இருந்து தாய் வாயசைச்சுக் குடுப்பா, பிள்ளை அழுதழுதாவது பாடி முடிக்கும், சனம் கைதட்டும். நானும் அதையேதான் செய்தன். மியாவைக் கையில பிடிச்சு நடுவுக்குக் கொண்டுவந்து நிப்பாட்டி, முன்னால குந்தியிருந்து, “பாடு குஞ்சு, பாடு” எண்டு வாயசைச்சன். பிள்ளை என்னையே பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு நிண்ட இடத்திலயே மூத்திரம் பேஞ்சுபோட்டு, மேசைக்குக் கீழ பூந்திட்டாள். நான் துணி எடுத்து நிலத்தைத் துடைச்சன்.

பியர்கிட் என்னைத் தனியக் கூப்பிட்டா. பிள்ளைக்கு விருப்பம் வருமட்டும் காத்திருக்கிறதுதான் இஞ்சத்தை முறை எண்டா. எனக்கும் கோவம் வந்திட்டுது. “பிள்ளை காத்திருக்கும், ஆஸ்பத்திரியில கிடக்கிற மனுசன் காத்திருப்பாரோ?” எண்டு கேட்டன். அவ எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா. பிறகு மெல்லமாச் சொன்னா. “அது பெரிய ஆக்களின்ர கவலை, ராஜி. அதைத் தூக்கிப் பிள்ளையின்ர தோளில வைக்காதை.”

பூப் பாக்கப் போன நாள்

பார்க்கில செர்ரி பூத்திட்டுது எண்டு கேள்விப்பட்டு வெளிக்கிட்டம். டென்மார்க் வசந்தத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. நாங்கள் போய்ச் சேர மழையும் வந்திட்டுது, காத்தும் வந்திட்டுது. பூவில பாதி சேத்துக்க. பிள்ளையள் எல்லாம் மழையுடுப்பு, அதுக்கு மேல வெளியில போகேக்கை போடுற ஒரே மாதிரியான மஞ்சள் மேலங்கி, தொப்பியைக் கண்மட்டும் இழுத்துவிட்டபடி. எது எந்தப் பிள்ளை எண்டு எனக்கே மட்டுக்கட்டேலாது.

யூக்கோ வேலையில லீவு கேட்டு வந்திருந்தா. மற்றவையின்ர பிள்ளையளை அனுமதியில்லாமல் வீடியோ எடுக்கேலாது எண்டது எங்கட கடும் சட்டம். பியர்கிட் பிள்ளையளைப் பாத்தா, மழையைப் பாத்தா. ஒருத்தற்ர முகமும் தெரியாது, எடுக்கட்டும் எண்டுட்டா. பிள்ளையள் நனைஞ்சு நனைஞ்சு பாடிச்சினம். ஒஸ்காரின்ர குரல் மழைக்கு மேலால கேட்டுது. மியா என்ர கையைப் பிடிச்சபடி நிண்டாள். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை, அவளும் பாடேல்லை. முடிய யூக்கோ கிட்ட வந்து, என்ர முகத்திலயே பதிலைக் கண்டுட்டா. எண்டாலும் கேட்டா. “சொண்டாவது அசைஞ்சுதோ?”

ஈரச் சப்பாத்து

திரும்பி வந்து சப்பாத்துக் கழட்டுற படலம். இந்த வேலையில இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளயும் ஒரு குளம். மியாவின்ரயை இழுத்துக்கொண்டிருக்கேக்கை நான் ஒண்டும் கேக்கேல்லை, சத்தியமாக் கேக்கேல்லை. காலை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளை தன்ரபாட்டில, மழை பெய்யுது எண்டு சொல்லுறமாதிரி, டெனிஷில சொன்னாள். “அந்தப் பாட்டைப் பாடினால் அம்மா அழுறவ. பாடாட்டி அழமாட்டா.”

யூக்கோ கொண்டுவந்த சேதி

கொஞ்ச நாளா மியாவைத் தகப்பன்தான் கொண்டுவந்து விட்டார். பிறகு ஒருநாள் பின்னேரம் யூக்கோ வந்தா, முகம் வீங்கிப்போய். அப்பா மோசம்போயிட்டார் எண்டா. அதுக்கு முதல், அங்க ஜப்பானில இருக்கிற தன்ர தங்கச்சி தொலைபேசியைக் கட்டிலடியில பிடிச்சு வீடியோவைக் காட்டினவவாம். மனுசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவராம். எல்லாத்துக்கும் மேலால எழும்பின ஒஸ்காரின்ர குரல் வந்தவுடன, “இது எங்கட மியா, என்ன பலமாப் பாடுறாள்” எண்டு சிரிச்சவராம். யூக்கோ இஞ்ச இருந்து தொலைபேசியில, “ஓம் அப்பா, அவள்தான்” எண்டு சொல்லிப்போட்டா.

அங்க மியா மணல்பெட்டியில ஒஸ்காரோட சண்டை. நானும் யூக்கோவும் வேலியோரத்தில நிண்டம். பிள்ளை தாய் அழக்கூடாதெண்டு வாயை மூடினாள், தாய் தகப்பன் நோகக்கூடாதெண்டு பொய் சொன்னா. மியா சொன்னது நுனிநாக்கில நிக்குது. சொன்னால் இந்தப் பெத்த மனசு என்ன பாடுபடும்? யூக்கோ கண்ணைத் துடைச்சுப்போட்டு என்ர பக்கம் திரும்பினா. “அவள் ஏன் பாடேல்லை எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ, ராஜி?”

பிள்ளையளின்ர வாயைத் திறக்க வைக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தருகினம், தெரியாது எண்டு தலையாட்டிப்போட்டு என்ர வாயை மூடி வைச்சிருக்கிற வேலையை மட்டும் இண்டைவரைக்கும் சும்மாதான் செய்யிறன்.