என் மனைவியின் தீவு

நானும் என் மனைவியும் மதுரையில் ஒரே துறையில் வேதியியல் படித்தவர்கள். முனைவர் பட்டம் முடித்ததும் தைவானில் இருக்கும் ஒரு பேராசிரியரிடம் சேர்ந்து ஆய்வு செய்ய இருவருமே விண்ணப்பம் அனுப்பினோம். அவளுக்குப் பதில் வந்தது. எனக்கு வரவில்லை.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம், மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கில். எனக்கு அங்கே ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். "ரெண்டு வருசம்தான், கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஓடிப்போயிரும்" என்று சொல்லிவிட்டு அவள் விமானம் ஏறினாள். நான் சிரித்தபடிதான் கையசைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேராசிரியரின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஆய்வுக்குழுப் படத்தில் நான் நின்றிருக்க வேண்டிய இடம் எதுவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன மறு வருடம் அந்தக் கப்பல் செய்தி வந்தது. அமெரிக்காவிலிருந்து பெரிய பொறுப்பில் இருக்கும் யாரோ தைவானுக்கு வந்து போயிருக்கிறார். அந்தக் கோபத்தில் சீனா தன் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து தீவைச் சுற்றி நிறுத்திப் பயிற்சி செய்கிறது. தீவு எங்களுடையது என்கிறது சீனா. அமெரிக்கா அந்தத் தீவுக்கு ஆயுதம் விற்கிறது. தீவில் இருப்பவர்களோ தங்களை ஆள்பவரைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். தொலைக்காட்சியில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். ஒரு மாங்கொட்டை அளவு தீவு, நான்கு பக்கமும் சிவப்பு அம்புகள்.

அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"ஆத்தா, பொட்டியக் கட்டிட்டுக் கெளம்பி வந்துரு. படிச்ச வரைக்கும் போதும்."

அவள் சிரித்தாள். "மாமா, ஒண்ணும் ஆகாது. இங்கன யாரும் கண்டுக்கிறவே மாட்டாக. கடை கண்ணியெல்லாம் தெறந்துதான் இருக்கு. எங்களுக்கு இது பழகிப்போச்சு."

அந்த 'எங்களுக்கு' எனக்குச் சுருக்கென்றது. அவள் போய் இரண்டு தீபாவளிகூட ஆகவில்லை. அதற்குள் ஒரு 'நாங்கள்' உண்டாகியிருந்தது. அதில் நானும் மகளும் இல்லை.

மறுநாள் அழைத்தபோது ஒரு சிவப்புப் பையைக் காட்டினாள். ஏதாவது நடந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காம். டார்ச், விசில், தண்ணீர், பிஸ்கட், மருந்து. ஒவ்வொன்றாக எடுத்து மகளுக்குக் காட்டினாள். கடைசியில் ஒரு மாங்காய் ஊறுகாய் பாக்கெட் வந்தது.

"இத யாரு வச்சது?" என்றேன்.

"எங்க லேப்ல ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேன்ல, அவருதான். எல்லாருக்கும் பை கட்டிக் குடுத்தாரு. இத எனக்காகத் தேடி வாங்கியிருக்காரு."

"ஒனக்குப் பிடிக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் ஒண்ணா உக்காந்துதான சாப்பிடுறோம்? தெரியாமப் போகுமா?"

மகளுக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மகள் பக்கத்தில் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். போர் வந்தால் என் மனைவி தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பையை வேறொருவன் கட்டியிருக்கிறான். அதைக் கட்டும் வேலை என்னுடையது என்று தோன்றியது. இங்கிருந்து அதை எப்படிக் கட்டுவது என்றும் தெரியவில்லை.

அந்தக் கப்பல்கள் சில நாளில் திரும்பிப் போயின. அடுத்த தை மாதம் அவள் ஒரு மாத விடுப்பில் வந்தாள். அதே நேரத்தில் அந்த ஆய்வக நண்பருக்கு பெங்களூரில் ஒரு கருத்தரங்கு இருந்தது. திராட்சைப் பந்தலைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் வயதுதான். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். என் அப்பாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்து, "வணக்கம் மாமா" என்றார். மாமா என்பதை அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அப்பா உருகிப்போனார்.

எனக்கு அவரிடம் குறை கண்டுபிடிக்க வேண்டும்போல் இருந்தது. அவரோ கையால் பிசைந்து சோறு சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார், மகளுக்குக் காகிதத்தில் தவளை செய்து கொடுத்தார். அவளும் அவரும் சீன மொழியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "அது தமிழ்ல சொன்னா சிரிப்பு வராது" என்றாள்.

மறுநாள் அவரை உத்தமபாளையம் கூட்டிப் போனோம். வழியில் பார்த்த என் சித்தப்பா, "மாப்ள சீனாக்காரரா?" என்று கேட்டுவிட்டார். சீனா என்ற சொல் நண்பருக்குப் புரிந்தது. முகம் சட்டென்று மாறியது. "நோ. தைவான்" என்றார். சித்தப்பா விடவில்லை. "எல்லாம் ஒண்ணுதானப்பா." நல்லவேளை, அது அவருக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்தது.

"ஒண்ணு இல்ல மாமா. அது அவுக ஊரு. அவுக ஊர அடுத்தவன் ஊருன்னு சொன்னா அவுகளுக்கு எப்படி இருக்கும்?" என்றாள். எனக்காக அவள் இப்படி யாரிடமும் சண்டைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் ஒருவர் கொய்யாப் பழத்தைக் கீறி மிளகாய்த்தூள் தடவியபடி கூவிக்கொண்டிருந்தார். "தைவான் கொய்யா, தைவான் கொய்யா! சீனி மாதிரி இருக்கும், வாங்க!" உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் அந்த ரகத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நண்பர் அப்படியே நின்றுவிட்டார். வண்டிக்காரர் தன் நாட்டைத்தான் கூவுகிறாரா என்று என் மனைவியைக் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். வண்டிக்காரரிடம் இன்னொரு முறை கூவச் சொல்லி செல்போனில் பதிந்துகொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோளில் என் மனைவி லேசாகத் தட்டினாள். நான் கொய்யாவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே செய்தி வந்தது. மறுபடியும் கப்பல்கள். இந்த முறை முன்னைவிட அதிகம் என்றார்கள். விமானங்கள் நின்றுபோகலாம் என்றும் சொன்னார்கள். நண்பரின் அப்பா அம்மா சீனாவைப் பார்த்த கடற்கரை ஊரில் இருக்கிறார்கள். அவர் உடனே பயணச்சீட்டை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் என் மனைவியும் மாடியிலிருந்து இறங்கி வந்து, "நானும் கெளம்புறேன்" என்றாள்.

விடுப்பில் பாதிகூட முடியவில்லை.

"ஊரே தப்பிச்சு வர்ற நேரத்துல நீ அங்கன போறியா? அவரு போறாருன்னுதான போற?"

கேட்டுவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். படிக்கும் காலத்திலிருந்தே தனியாக இருக்கும்போது நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம்.

"கரூர்ப் பிள்ளைக ரெண்டு படிக்கப் புதுசா வந்துருக்குதுகன்னு சொன்னேன்ல. நான் சொல்லித்தான் அதுக அங்கன வந்துச்சுக. காலையிலருந்து போன்ல அழுதுக்கிட்டு இருக்குதுக. பாஷை தெரியாது. நான் இங்கன உக்காந்து கொய்யாப்பழம் திங்கவா? நீ என்ன வேணா நெனச்சுக்க."

வாசலில் இருந்த அப்பா, "அதுகளையும் கூட்டிக்கிட்டு வந்துரு ஆத்தா" என்றார்.

மதுரை விமான நிலையம் வரை நான்தான் கார் ஓட்டினேன். பின் இருக்கையில் இருவரும் ஆளுக்கொரு செல்போனில் செய்தி பார்த்தபடி வந்தார்கள். இறங்கும்போது நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. உங்கள் பள்ளத்தாக்கை யாரும் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டு வரப்போவதில்லை." அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாட்களில் அந்தக் கடலைப் பற்றி நான் படிக்காத செய்தி இல்லை. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, அமெரிக்கா என்ன அறிக்கை விட்டது, எல்லாம் வகுப்பில் பாடம் நடத்தும்போதும் மனதில் ஓடியது. கப்பல்கள் கலைந்த அன்று அவள் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய சின்ன அடுப்படியில் கரூர்ப் பெண்கள் ரசம் கொதிக்கவைக்கிறார்கள். வாசலில் நண்பர் தண்ணீர் கேன்களை அடுக்குகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆய்வு வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தாள். 'சரி' என்று மட்டும் பதில் போட்டேன். அதை எழுத எனக்கு அரை நாள் ஆனது.

போன வாரம் திராட்சை எடுக்க வரும் கம்பமெட்டு மலையாள வியாபாரி, "மருமகள் எவிடெயாணு?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பந்தலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு காய்ந்த கொடியை ஒடித்து மண்ணில் வரைய ஆரம்பித்தார். பெரிதாகச் சீனா, தள்ளி அமெரிக்கா, நடுவில் ஒரு சின்னச் சுழி.

"இந்தா, இதுக்குத்தான் ரெண்டு பேருக்கும் சண்டை. நம்ம மருமக இங்கனதான் இருக்காக. கப்பல் வந்தப்ப எல்லாரும் பயந்தாக. எங்க ஆத்தா பயப்படல, கெளம்பிப் போயிருச்சு."

வியாபாரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் கல்லூரி இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அதை அப்பா யாருக்கும் வரைந்து காட்டியதில்லை. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.