குதிரைக்குப் போட்ட கல்யாணப் பேண்ட்

கல்யாணமாகி மூன்று வருஷம் வரைக்கும் எங்கள் வீட்டுக் குதிரையை நான் தொட்டதே கிடையாது. என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜட்கா வண்டி ஓட்டினார். செவலை நிறப் பெண் குதிரை. நான் திருச்சுழிப் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். மாடென்றால் கொம்பைப் பிடித்து இழுத்து வந்து கட்டிவிடுவேன். குதிரை எப்போது கடிக்கும், எப்போது உதைக்கும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் வாளியை எட்ட நின்றே தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி. பந்தல்குடி ரோட்டில் குதிரை வண்டிப் பந்தயம். இவர் ரெண்டாவதாக வந்துகொண்டிருந்தபோது சக்கரம் ரோட்டோரக் கல்லில் ஏறி வண்டி கவிழ்ந்துவிட்டது. இவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. குதிரை எழுந்து நின்றது, ஆனால் இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை.

மறுநாள் பார்த்தால் முட்டிக்குக் கீழே கால் வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தது. பந்தயக் கூட்டாளி ஒருவர் வந்து பார்த்தார். "மதினி, பேசாம ரெண்டு சூடு இழுத்துருவோம். எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் காலில் இழுப்பது. அதைத் தொடப் பயந்தவள்தான், ஆனாலும் அது கத்துவதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. "டாக்டர் பாக்கட்டும், அப்புறம் பேசிக்கிருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்தார். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு. பின்னாடி நரம்பு இழுத்துக்கிச்சு. சூடும் வேணாம், ஒத்தடமும் வேணாம். ஐஸ் வைங்க. இருபது நிமிஷம் வைக்கணும், எடுத்துரணும். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. தோல்ல நேராப் படக் கூடாது, ஈரத்துணி சுத்தி வைங்க" என்றார். பிறகு இவர் கைக்கட்டைப் பார்த்து, "யாரு செய்வா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் குதிரையின் குளம்பைப் பார்த்தேன்.

ஐஸ் கம்பெனியில் உமி போட்டுச் சாக்கில் சுற்றிப் பாளம் கொடுத்தார்கள். சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வீடு வருவதற்குள், சித்திரை பிறக்கும் முன்னே அடித்த வெயிலில் கால்வாசி ரோட்டிலேயே கரைந்துவிட்டது. உடைத்து வாளியில் போட்டுக் குதிரையின் காலை உள்ளே வைக்கப் பார்த்தேன். சில்லென்று பட்டதும் ஒரு உதறல். வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். துண்டில் மூட்டையாகக் கட்டினால் நழுவிக் குளம்புக்கு வந்துவிட்டது. சாக்குத்துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்துச் சுற்றினேன். அது ஐந்து நிமிஷத்தில் சூடாகிவிட்டது.

யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் போனவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இவருக்கு இருந்தது ஒரே ஒரு பேண்ட். கல்யாணப் போட்டோவுக்காகத் தைத்தது. அன்றைக்கு அப்புறம் வேட்டிதான். கத்தரிக்கோலோடு நான் வெளியே வந்ததும் பதறிப்போய், "ஏய், அது கல்யாணப் பேண்ட்டு!" என்றார்.

"இன்னொரு கல்யாணம் பண்ணப் போறீகளா?"

பேண்ட்டின் ஒரு காலை வெட்டி எடுத்தேன். முதலில் ஈரத்துணி, அதன்மேல் குளம்பு வழியாக ஏற்றிய பேண்ட் கால், கணுக்காலில் நாடாக் கட்டு, உள்ளே நொறுக்கிய ஐஸ், முட்டிக்குக் கீழே இன்னொரு கட்டு. இவர் இடது கையால் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குதிரை அசையாமல் நின்றது. குழாயடிக்கு வந்த பொம்பளைகள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "மாப்பிள்ளை யாருடீ?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், என் தோள் குதிரையின் நெஞ்சில் சாய்ந்திருந்தது.

நாலாம் நாள் ஐஸ் கிடைக்கவில்லை. முகூர்த்த நாள் என்று பாளமெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டது. வெறும் கையோடு திரும்பினால் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பந்தயத்தில் ஜெயித்த வண்டிக்காரர். ஊர் ஓரத்தில் தோட்டம் வைத்திருப்பவர். வண்டி கவிழ்ந்தபோது நிறுத்தாமல் போனார் என்று இவருக்கு மனத்தாங்கல், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"பந்தயத்துல திரும்பிப் பாத்தா என் குதிரையும் விழுந்துருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர். பிறகு என்னிடம், "காலையில மோட்டார் ஓடுறப்ப குதிரையை மெதுவாக் கொண்டாந்து வாய்க்கால்ல நிறுத்து தாயி. கெணத்துத் தண்ணி, ஐஸ் மாதிரிதான் இருக்கும். தண்ணி எப்படியும் பருத்திக்குத்தான் போகுது. போற வழியில அது காலைத் தொட்டுட்டுப் போகட்டுமே."

குடிக்கவே குடத்தை வரிசையில் வைக்கும் ஊரில் ஒரு மனுஷன் இப்படிச் சொன்னார். இவர் உள்ளே போய், சொம்பில் மோர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அதோடு மனத்தாங்கல் தீர்ந்தது.

ஒரு மாதம் தினமும் போனோம். என் வாழ்க்கையில் எதையாவது திரும்பக் கேட்கலாமென்றால் அந்தக் காலைகளைத்தான் கேட்பேன். மோட்டார் சத்தம், பருத்திச் செடி வாசம், வாய்க்காலில் குதிரைக்குப் பக்கத்தில் முழங்கால் வரை சேலையைத் தூக்கிக்கொண்டு நான். சில்லிப்பில் சொக்கிப்போய் அது தாடையை என் தோளில் வைத்துக்கொள்ளும். அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

வீக்கம் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "வண்டியில பூட்டலாம். பந்தயம் மட்டும் இனி வேண்டாம்" என்றார். இவர் "சரி சார்" என்றார். ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்ததும் குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த பங்குனிக்குப் பந்தயம் பார்க்க மட்டும் போனோம், எங்கள் ஜட்காவில். ரோட்டோரம் நிறுத்தியிருந்தோம். தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டதுமே செவலை காதை விறைத்தது. வண்டிகள் எங்களைத் தாண்டியபோது தரையை உதைத்து முன்னால் பாய்ந்தது. முறிந்து கூடிய கையால் இழுத்துப் பிடிக்க முடியாமல் இவர் தடுமாறினார். நான் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மூக்கைத் தடவினேன்.

"ஓடணும்னு தோணுது அதுக்கு" என்றார்.

புழுதி அடங்கும் வரைக்கும் நான் பிடியை விடவில்லை.