எல்லை தாண்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

என் கணவர் ஒரு பாண் ரொட்டி வாங்குவதற்கும் காரை எடுக்கிற மனிதர். இத்தனைக்கும் பாண் கடை எங்கள் யன்னலில் நின்று பார்த்தால் தெரியும். அப்படிப்பட்டவர் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, குளிர் விட்டுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற ஜெர்மன்காரரிடம் இரண்டு சைக்கிள்களை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் சாத்தினார். "நாளைக்கு நாங்கள் ரெண்டுபேரும் பிரான்சுக்குப் போறம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த கறியை மறந்துவிட்டேன்.

பிரான்ஸ் என்றதும் பெரிய பயணம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் இருந்தது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், காட்டை ஒட்டிய ஒரு சிறிய ஊரில். அந்தக் காட்டுக்கு மற்றப் பக்கம் பிரான்ஸ். மலிவாகக் கோழி வாங்கவும் நல்ல பாலாடைக்கட்டி வாங்கவும் எங்கள் ஊரார் போய் வருவார்கள். என் கோபத்துக்குக் காரணம் தூரம் இல்லை. என் தொலைபேசிக்குப் போட்டிருந்த மலிவு சிம் அட்டை எல்லை தாண்டினால் வேலை செய்யாது.

எனக்கு ஒரே ஒரு அண்ணை. மன்னாரில் பிறந்து, ஆசிரியராக வன்னிக்குப் போய், கல்யாணமும் கட்டாமல் அங்கேயே இருந்துவிட்டவர். அந்த வருடம் வன்னியில் நடந்துகொண்டிருந்ததை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. சனங்களோடு சனமாக அண்ணையும் இடம் மாறி மாறிக் கடைசியில் கடற்கரைப் பக்கம் ஒதுங்கியிருந்தார். எங்காவது ஒரு தொலைபேசி கிடைத்தால் எனக்கு எடுத்துக் கதைப்பார். "இருக்கிறன் பிள்ளை, நீ சாப்பிட்டியோ?" என்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும். மாசி மாதத்தில் ஒருமுறை எடுத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டு போனேன். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் வேலை நேரத்தில் அதை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம். நான் சீருடைக்கு உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு வயோதிபர்களுக்கு உணவு ஊட்டினேன்.

"அண்ணை எடுத்தா என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"எடுத்தா திரும்பவும் எடுப்பார். இப்பிடியே போனைப் பாத்துக்கொண்டு இருந்தீரெண்டா உமக்கு விசர்தான் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். நீங்கள் போய் ஊர் சுத்திப்போட்டு வாங்கோ."

அவர் குனிந்து சைக்கிள் சக்கரத்தின் காற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "ஒருக்கா வாருமப்பா, எனக்காக" என்றார். அந்த மனிதர் கெஞ்சி நான் கண்டதில்லை. கோபத்தோடேயே சம்மதித்தேன்.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை, அதிலிருந்த கியர்தான் புதிது. வீட்டிலிருந்து காடு வரைக்கும் திட்டிக்கொண்டே மிதித்தேன். எல்லையில் ஒரு பழைய சுங்கச் சாவடி, யன்னல் பலகைகள் எல்லாம் அடித்துச் சாத்தியபடி இருந்தது. கேட்பார் பார்ப்பார் இல்லை. இருந்தும் என் கால் தானாக நிலத்தில் ஊன்றியது, கை சட்டைக்குள்ளே கடவுச்சீட்டைத் தேடியது. பல வருடங்களுக்கு முன் இந்த நாட்டுக்குள் ஒரு லொறியின் பின்பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தவள் நான். கணவர் திரும்பிப் பார்த்து, "ஒருத்தரும் இல்லை, வாரும்" என்று கை காட்டினார்.

அதற்கு அப்பால் இருந்த அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் உயரமான பீச் மரங்கள், இலை இன்னும் முழுதாக விடவில்லை. பாதை ஒரு சிற்றாற்றோடு கூடவே வளைந்து போனது. நெடுநேரத்துக்கு ஒரு கார்தான் வரும். திடீரென்று காடு முழுக்க உள்ளி மணந்தது. யாரோ ரசம் வைக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால், நிலம் நிறையப் பச்சைப் பசேலென்று ஏதோ காட்டுப் பூண்டு இலை. "இஞ்சேருங்கோ, பிரான்சிலை காடே சமைக்குது" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

காடு முடிய ஊர்கள் வரும். மரச் சட்டங்கள் வெளியே தெரியக் கட்டிய பழைய வீடுகள், கொஞ்சம் கோணிக்கொண்டு, ஒன்றில் ஒன்று சாய்ந்தபடி நிற்கும். நிலைக்கு மேலே அந்த வீடு கட்டிய ஆண்டைச் செதுக்கியிருப்பார்கள். எத்தனையோ சண்டை அந்த ஊர்களுக்கு மேலால் போயிருக்கிறது. ஒரு முறை ஜெர்மனி, ஒரு முறை பிரான்ஸ் என்று கை மாறியிருக்கின்றன. எனக்கு அந்த வீடுகளைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இவ்வளவு சண்டைக்குப் பிறகும் கூரை இருக்கிறது, கூரைக்கு மேலே கொக்கு மாதிரி ஒரு பறவை கூடு கட்டி இருக்கிறது, வாசலில் கிழவர்கள் வெயில் காய்கிறார்கள். அண்ணை எந்தக் கூரையின் கீழே இருக்கிறாரோ என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் கத்தோலிக்கர், கணவர் ஊருக்கு ஊர் மாதா கோயிலுக்குள் போய் வந்தார். "கும்பிட்டிட்டு வாறன், நீர் இரும்" என்பார். பூசையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிற மனிதர். அண்ணைக்காகத்தான் கும்பிடுகிறார் என்று என் மனம் அவர்மேல் கொஞ்சம் இளகியது.

எல்லை தாண்டி வீட்டுப் பக்கம் வந்ததும் முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்ததும் போனோம். உயிர்த்த ஞாயிறு கழிந்தது. அந்த இடைவெளியில் வீட்டில் சில மாற்றங்கள் நடந்தன. தமிழ்ச் செய்தி பார்க்கிற டிஷ் பழுதாகிவிட்டது என்று கணவர் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். எங்கள் ஊரில் இருந்த மற்றத் தமிழ்க் குடும்பத்து அக்கா, கேளாமலே இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, "அவசரம் பிள்ளை, பிறகு வாறன்" என்று ஓடினா. நகரத்துத் தமிழ்க் கடை அண்ணை, என்னைக் கண்டால் முதல் கேள்வியாக, "அண்ணையிட்டையிருந்து ஏதும்?" என்று கேட்பவர், இந்த முறை கறிவேப்பிலையின் விலையைப் பற்றிக் கதைத்தார்.

எங்கள் ஆட்கள் சாவை ஒரு நாளும் நேரே சொல்ல மாட்டார்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளை தாங்காது என்று, முதலில் சுகமில்லை என்பார்கள், பிறகு கொஞ்சம் கடுமை என்பார்கள், ஆள் அடக்கமான பிறகுதான் மெதுவாக வாயைத் திறப்பார்கள். அம்மாவின் சாவை எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அதனால் அந்த அக்காவின் ஓட்டமும் கடைக்காரரின் கறிவேப்பிலையும் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். அக்காவுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். கடைக்காரருக்கு மறதி. வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்கூட வெளியே வராத நேரம் அது, அண்ணை அங்கே எங்கேயாவது வரிசையில் நிற்பார். கணவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை, அவர் சைக்கிள் ஓட வெள்ளைச் சட்டையை மடிப்பு விழ அழுத்தி மினுக்கிப் போட்டிருந்தார்.

"என்ன, பிரான்சிலை பொம்பிளை பாக்கவோ போறியள்?" என்று கேட்டேன்.

"சும்மா இரும்" என்றார். அன்று அவர் முன்னால் வேகமாகப் போனார். எனக்கு மூச்சு வாங்கியது. வழியில் எங்கேயும் நிற்கவில்லை. நேரம் பார்த்துப் பார்த்து மிதித்தார். செம்மணற்கல்லில் கட்டிய சிறிய கோயில் ஒன்று, அதன் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேரவும் பூசை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. "இண்டைக்கு நீரும் உள்ளை வாரும்" என்றார்.

"எனக்கு ஒரு சொல்லும் விளங்காதே."

"விளங்கத் தேவையில்லை. பூசை எங்கையும் பூசைதானே."

உள்ளே ஊர்க் கிழவிகள் கொஞ்சப் பேர் இருந்தார்கள். நாங்கள் இருவரும் வியர்வையோடு கடைசி வரிசை மர வாங்கில் இருந்தோம். எங்கள் ஜெர்மன் ஊரில் இருக்கிற கோயிலை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் மிதித்து வந்து விளங்காத பாஷையில் பூசை காண்கிற கூத்தை நினைத்து எனக்கு உள்ளுக்குள் கடுப்பாக இருந்தது. குருவானவர் வெளியே வந்தார், சிலுவை அடையாளம் போட்டார், பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னார். ஒரு கணம் நின்று, அதோடு சேர்த்து அண்ணையின் பெயரைச் சொன்னார். ஒரு எழுத்தும் தவறாமல், மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

"எப்ப?" என்று கேட்டேன். நான் மெல்லக் கேட்டதாகத்தான் நினைத்தேன். கிழவிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கணவர் முழந்தாளில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "இண்டைக்கு முப்பத்தொண்டு" என்றார்.

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுக்காமல் எங்கள் வீடுகளில் யாரும் இருக்க மாட்டார்கள். கனடாவில் இருக்கிற மச்சான் என் கணவரின் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்துச் செய்தி சொல்லியிருக்கிறார். அண்ணையோடு படிப்பித்த ஒருவர் முகாமுக்கு வந்து சொன்ன செய்தி, பிழை இல்லை. எறிகணை. பங்கருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டித் தாட்டார்களாம். எனக்கு எப்படிச் சொல்வது என்று இவர்கள் எல்லாரும் கூடிக் கதைத்து, போர் முடியட்டும், அதுவரைக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்களாம். ஆனால் முப்பத்தோராம் நாள் போர் முடியும் வரைக்கும் காத்துக்கொண்டு நிற்காதே. ஜெர்மன் கோயிலில் பூசைக்குக் கொடுத்தால் எனக்கு விளங்கிவிடும், தமிழ்ப் பூசையில் கொடுத்தால் ஊருக்கே விளங்கிவிடும். அதுதான் பிரான்ஸ், அதற்குத்தான் அவர் ஊருக்கு ஊர் கோயிலுக்குள் போய் வந்தது. தங்கச்சி தெரியாமலாவது அந்தப் பூசையில் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார் அந்த மனிதர். பிரெஞ்சு தெரியாதவளுக்குத் தன் அண்ணையின் பெயருமா தெரியாது? அதை அவர் யோசிக்கவில்லை.

நான் எழும்பிப் போகவில்லை. அண்ணையின் பூசையை விட்டுவிட்டு எங்கே போவது. சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் வந்தது. முன் வாங்குக் கிழவி ஒருத்தி திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னா. விளங்கவில்லை, ஆனால் அந்தக் கைகளை விட மனம் வரவில்லை. கணவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. எப்படியும் மிதித்துத்தான் வீட்டுக்கு வர வேண்டும். காட்டுக்குள் ஏற்றங்களில் அழ முடியவில்லை, மூச்சு போதாது. இறக்கம் வந்த இடத்தில் எல்லாம் குரலெடுத்து அழுதேன். கேட்க அவரையும் மரங்களையும் தவிர யாரும் இல்லை. பின்னால் அவர், "பிறேக்கைப் பிடியும், பிறேக்கைப் பிடியும்" என்று கத்திக்கொண்டே வந்தார். எனக்குப் பயமே வரவில்லை. விழுந்தால் விழட்டும் என்றிருந்தது.

ஓரிடத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அவரும் வந்து கொஞ்சம் தள்ளி இருந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மற்றவை வேண்டாமெண்டாலும், சொல்லத்தான் முதல் ஞாயிறு கூட்டிக்கொண்டு வந்தனான். இந்தக் காட்டுக்குள்ளை வைச்சுச் சொல்லுவம் எண்டு. நீர் சிரிச்சிட்டீர். எத்தினை மாசத்துக்குப் பிறகு சிரிச்சனீர். என்னாலை ஏலாமல் போச்சு. அடுத்த கிழமை சொல்லுவம், அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

நான் அவரைப் பார்த்தேன். முகம் எல்லாம் வீங்கி, மினுக்கிய வெள்ளைச் சட்டையில் சேறு தெறித்து, பாவமாக இருந்தார். அவர் மறைத்ததை அன்றைக்கே, அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அண்ணை மண்ணுக்குள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன், அதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவரையும்தான், என்னையும்தான்.