ஒரு விரலை எனக்கு விட்டுவைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது மகேஸ்வரி போன் செய்தாள். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். "டீச்சர், பாக்கியம் அக்கா போய்ட்டாங்க டீச்சர்" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் கேட்டுக்கொண்டே இருந்தது. செண்பகனூர் வீட்டில் விடிந்ததும் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. என் மனதில் முதலில் வந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் செத்தால் இந்தப் பெண் இப்படி அழுவாளா? அதுதான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான்.

பாக்கியத்தை அறிந்த நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றியும் சிரித்த முகத்தைப் பற்றியும் பேசினீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக எனக்கு அவர் மேல் பொறாமை. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

பெரும்பாறைப் பக்கம் எங்கள் பள்ளி. காப்பித் தோட்டத்திலும் மிளகுக் கொடியிலும் கூலி வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள்தான் எங்களிடம் படிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ திருப்பூரில் இருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த வாரம் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கொடைக்கானலில் உள்ள ஒரு தொண்டு அமைப்பும், ஆரம்ப சுகாதார நிலையமும், எங்கள் பெற்றோர் குழுவும் சேர்ந்து பள்ளிக்குள்ளேயே ஒரு உடல்நல அறை வைத்தார்கள். தோட்டக்காரர் ஒருவர் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். மாதம் ஒருமுறை டாக்டரம்மா வருவார். வியாழக்கிழமைதோறும் தொண்டு அமைப்பிலிருந்து பாக்கியம் வருவார். செண்பகனூரிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்குவார். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. பெற்றோருக்கும் அக்கா. டாக்டரம்மாகூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். என்னைவிட மூன்று வயது இளையவர் என்பதால் நான் மட்டும் பாக்கியம் என்று பெயர் சொல்லியே கூப்பிட்டேன். இளையவர் என்பது ஒரு சாக்கு.

அவர் செய்ததெல்லாம் நகம் வெட்டுவது. எடை பார்ப்பார், கண் பார்ப்பார், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார், அதெல்லாம் உண்டு. ஆனால் முதல் வேலை நகம். பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெட்டுவார். பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார். எதுவும் கேட்கவும் மாட்டார். ஐந்தாவது விரலுக்குள் பிள்ளை பேச ஆரம்பித்துவிடும். அப்பா அடித்தது, சோறு இல்லாதது, வயசுக்கு வந்ததை வீட்டில் மறைத்தது, எல்லாம் வெளியே வரும். நான் மேஜைக்குப் பின்னால் நின்று, "ஏம்மா நாலு நாளு லீவு?" என்று கேட்டால், "ஒடம்புக்கு முடியல டீச்சர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அதே பிள்ளை அவரிடம் கொட்டித் தீர்க்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொல்லுதுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"மூஞ்சியப் பாத்துக் கேட்டா புள்ளை பொய் சொல்லும் டீச்சர்" என்றார். "கையப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருந்தாப் போதும்."

அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம். பி.எட். படித்து, குழந்தை உளவியலில் பரீட்சை எழுதி, அந்தப் பள்ளியிலேயே பழம் தின்று கொட்டை போட்டவள் நான்.

ஒருமுறை வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வந்து படம் எடுத்தார்கள். நடுவில் பாக்கியம், சுற்றிலும் பிள்ளைகள். நான் ஓரத்தில் நின்றிருந்தேன். படம் பிரேம் போட்டு வந்தபோது பார்த்தால், காற்றில் அவர் தோள் பக்கம் பறந்த என் பச்சைப் புடவையின் முந்தானை மட்டும் இருந்தது. ஆள் இல்லை. அதை உடல்நல அறையில் மாட்டினார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் முந்தானையை நான் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

இப்போது சொல்லப்போவதைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு வருடம் முன்பு, பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. மகேஸ்வரி அப்போது எட்டாம் வகுப்பு, என் வகுப்பு. தாண்டிக்குடிக் கடையில் நான் ஒரு நகவெட்டி வாங்கினேன். ஒரு புதன்கிழமை மத்தியானம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, ஒரு விரல் விடாமல் நறுக்கிவிட்டேன். நாளைக்கு அந்தம்மா வந்து எதை வெட்டுகிறார் பார்ப்போம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு பிள்ளைகூட என்னிடம் வாயைத் திறக்கவில்லை. திறக்க நான் நேரமும் கொடுக்கவில்லை. மறுநாள் பாக்கியம் பிள்ளைகளின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆத்தாடி, டீச்சர் என் சோலிய முடிச்சு வச்சுட்டாங்களே" என்று சிரித்தார். எட்டாம் வகுப்பை அனுப்பிவிட்டு மற்ற வகுப்புகளைப் பார்த்தார்.

திங்கட்கிழமை மகேஸ்வரி வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையாக்கும் என்று நான் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை பாக்கியம் விசாரித்தபோதுதான் அவளுடைய தோழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சித்தப்பா அவளை ஜீப்பில் ஏற்றி, திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாலைக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கேயே தங்கி வேலை. தோழி சொன்ன அடுத்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

"போன வாரமே அக்காகிட்டச் சொல்லணும்னுதான் இருந்தா. நகம் இல்லன்னு வந்துட்டா."

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. "டீச்சர், அட்மிஷன் ரிஜிஸ்டர எடுத்துக்கிட்டு வாங்க. பொறந்த தேதி உங்ககிட்டதான இருக்கு" என்றார். டாக்டரம்மாவுக்கும் பெற்றோர் குழுத் தலைவிக்கும் போன் போட்டார். மறுநாள் தொண்டு அமைப்பின் ஜீப்பில் நாங்கள் நான்கு பேரும் மலை இறங்கினோம். பஞ்சாலை மேனேஜர் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்றார். நான் ரிஜிஸ்டரைத் திறந்து மேஜையில் வைத்தேன். பதிமூன்று வயது. டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து சட்டம் பேசினார். ஒரு மணி நேரத்தில் அவளை வெளியே கூட்டிவந்தார்கள். தலையெல்லாம் பஞ்சு. என்னைத் தாண்டி ஓடிப்போய்ப் பாக்கியத்தைக் கட்டிக்கொண்டாள். ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன். அவள் போகக் காரணமானவள் நான். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. என்ன ஜென்மம் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கன்னிவாடியில் டீ குடிக்க நிறுத்தினோம். கடை பெஞ்சில் பாக்கியம் மகேஸ்வரியின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நகத்துக்குள்ளும் பஞ்சும் எண்ணெயும் இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தவர் இடது கைச் சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது டீச்சரோடது" என்று சொல்லி அவளை என் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். "போ, அவங்கதான் ஒன்ன மீட்டாங்க."

என் கைப்பையில் நகவெட்டி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை ஏன் வெட்டினேன் என்பதும் தெரிந்திருந்தது என்றே இன்றுவரை நம்புகிறேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அதைக் கேட்க அவர் இடம் வைக்கவும் இல்லை. நான் அந்த ஒரு நகத்தை வெட்டினேன்.

அன்றிலிருந்து போன மாதம் வரை அதுதான் ஏற்பாடு. வியாழக்கிழமை அவர் ஒன்பது விரல் வெட்டுவார். பத்தாவது விரலோடு பிள்ளை என்னிடம் வரும். முதல் மாதங்களில் விரலை நீட்டிவிட்டுச் சும்மா நிற்கும். ஒரு நகத்தை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மெதுவாக வெட்டக் கற்றுக்கொண்டேன். முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே பேசினாள். அக்காவிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பாக்கியத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன், பெருமையடித்துக்கொள்ளத்தான். அவர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அடக்கத்துக்குச் செண்பகனூர் போய்த் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதே படம். பிள்ளைகளை வெட்டிவிட்டு அவரை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அவருடைய தோளுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு துண்டு தெரிந்தது. அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பஸ் வந்தும் ஏறாமல் அங்கேயே நின்று அழுதேன்.

பாக்கியத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. முகத்தைப் பார்க்காமல் ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கத் தெரியும். பொறாமையும் அப்படியே இருக்கிறது, அதைக் குறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை.

போன வியாழக்கிழமை பஸ் வந்து போனது. யாரும் இறங்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே அறையைத் திறந்து பாயை விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் நகவெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆறாம் வகுப்பு நாகம்மாளின் கையை மடியில் வைத்து, ஒன்பது விரல் வெட்டி நிறுத்தினேன். அவள் சுண்டுவிரலை நீட்டியபடி இருந்தாள்.

"இது யாருக்கு டீச்சர்?"

தொண்டு அமைப்பிலிருந்து அடுத்த வாரம் புதிதாக ஒரு பெண் வருகிறாள். போனில் பேசினேன். சின்ன வயது. ஒவ்வொரு வார்த்தைக்கும் சிரிக்கிறாள். பிள்ளைகளுக்கு அவளைக் கட்டாயம் பிடித்துவிடும். எனக்கு இப்போதே பிடிக்கவில்லை.

"புதுசா வர்ற அக்காவுக்கு" என்றேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது. அந்த ஒரு விரலை வெட்டாமல் விட்டேன்.